சாம் குக்

சாம் குக் (ஜனவரி 22, 1931 - டிசம்பர் 11, 1964) ஒரு அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். சோல் இசையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் இவர், அதற்கு முன் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சோல் ஸ்டிரர்ஸ் என்னும் கிறித்தவ நற்செய்திப் பாடல் குழுவின் முதன்மைப் பாடகராக விளங்கினார்.

இளமைக்காலம்

இவர் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு மதபோதகர். குக் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சிகாகோவிற்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதில் உடன்பிறந்தவர்களுடன் சேர்ந்து தேவாலயங்களில் பாடினார். பதின்ம வயதில் ஹைவே கியூசீஸ் என்னும் இளைஞர் குழுவில் இணைந்தார். இக்குழுவுக்குப் பயிற்சி அளித்தவர் சோல் ஸ்டிரர்ஸ் உறுப்பினரான ஆர். பி. ராபின்சன்.

சோல் ஸ்டிரர்ஸ் குழு

சோல் ஸ்டிரர்ஸ் 1926 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் ராய் கிரெய்ன் என்பவரால் தொடங்கப்பட்டது. இசைக்கருவிகள் இன்றிக் குரல்களால் மட்டுமே பாடுவது இதன் வழக்கமாக இருந்தது. 1930களில் இணைந்த ஆர். எச். ஹாரிஸ், இரு முதன்மைப் பாடகர்கள் மாறிமாறிப் பாடும் முறையைப் புகுத்தினார். இதனால் நால்வர் குழு ஐவர் குழுவாயிற்று. முதன்மைக் குரல் எவருடையதாக இருப்பினும் பின்னணியில் நான்கு குரல்களின் இசைவு குறையாமல் நின்றது.

1950 இல் ஹாரிஸ் விலகினார். அவரது இடத்திற்கு 19 வயதான குக் தெரிவு செய்யப்பட்டார். 1951 மார்ச்சு மாதம் ஸ்பெஷால்டி நிறுவனத்திற்காக நடந்த பதிவில், ஹாரிஸ் இல்லாததைக் கண்டு நிறுவன உரிமையாளர் ஆர்ட் ரூப் தயங்கினார். அப்போது பதிவான "ஜீசஸ் கேவ் மீ வாட்டர்" பாடலின் வெற்றி அந்தத் தயக்கத்தைப் போக்கியது. குக் ஹாரிசைப் போலப் பாட முயல்வதை விடுத்து, மென்மையான தனிப்பாணியை வளர்த்துக்கொண்டார். உரத்த குரலில் பாடும் பால் ஃபாஸ்டர் மற்றொரு முதன்மைப் பாடகராக இருந்தார். இக்காலத்தில் குழுவின் பதிவுகளில் இசைக்கருவிகளும் படிப்படியாக இடம்பெற்றன.

குழுவிலிருந்து விலகல்

நற்செய்திப் பாடகர்கள் காதற் பாடல்களைப் பாடுவதை அக்கால இரசிகர்கள் ஏற்கவில்லை. எனவே 1956 இல் பதிவு செய்த தம் முதல் காதற் பாடலை டேல் குக் என்னும் புனைபெயரில் வெளியிட்டார். ஆயினும் குரல் எளிதில் அடையாளம் காணப்பட்டது. 1957 இல் இவர் குழுவை விட்டு விலகினார். அதே ஆண்டில் "யூ செண்ட் மீ" பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்றது. குழுவை நிறுவிய கிரெய்னும் குக்குடன் சென்றார்.

குக்கின் இடத்தை, அவரைப் போலவே ஹைவே கியூசீசில் பாடியிருந்த ஜானி டெய்லர் நிரப்பினார். பின்னர் குக், கிரெய்ன், ஜே. டபிள்யூ. அலெக்சாண்டர் ஆகியோர் சேர்ந்து எஸ்.ஏ.ஆர். என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். சோல் ஸ்டிரர்ஸ் குழுவின் பாடல்களையும் அந்நிறுவனம் வெளியிட்டது. இவ்வாறு, தாம் விலகிய குழுவுடன் குக்கின் தொடர்பு நீடித்தது.

மறைவு

1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலசில் ஒரு விடுதியில் அதன் மேலாளரால் சுடப்பட்டு, தமது 33 ஆவது வயதில் இறந்தார். இனப்பாகுபாட்டின் துயரையும் மாற்றத்திற்கான நம்பிக்கையையும் கூறும் "எ சேஞ்ச் இஸ் கான்னா கம்" பாடல், அவர் மறைந்த சில நாட்களில் தனி இசைத்தட்டாக வெளிவந்து குடிசார் உரிமை இயக்கத்தின் பாடல்களுள் ஒன்றானது. ராக் அண்ட் ரோல் புகழவையில் குக் 1986 இலும், சோல் ஸ்டிரர்ஸ் 1989 இலும் சேர்க்கப்பட்டனர்.