எடை போட்டு எண்ணிய மேதை மைக்கேல் பாரடே

மின்கலம் ஒன்றின் கட்டிலா ஆற்றல் மாற்றத்தைக் கணக்கிட நாம் ஒரு சிறு சமன்பாட்டைப் படிக்கிறோம். இடம் மாறும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, பாரடே மாறிலி, மின்கலத்தின் மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் பெருக்கி, முன்னால் எதிர்க்குறி இட்டால் விடை வந்துவிடும். இதன் நடுவே ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. உயர்கணிதம் அறியாத, கல்லூரி வாசலை மாணவராக மிதிக்காத ஒருவரின் பெயர் அது. அவரது வரலாறு நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும்.

மைக்கேல் பாரடே 1791 செப்டம்பர் 22ஆம் நாள் லண்டனை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். வறுமை வாட்டிய குடும்பம் அது. எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு பாரடேயின் பள்ளிப் படிப்பு நின்றது. 13 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு அதே கடையில் பைண்டிங் தொழில் பழகத் தொடங்கினார். அப்பயிற்சி ஏழாண்டுகள் நீடித்தது.

பிறர் படிப்பதற்காகக் கட்டிய புத்தகங்களை அவர் தாமும் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவர் உள்ளத்தில் ஆர்வத்தீயை மூட்டின. 1812இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அவற்றை அழகாக எழுதித் தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது. 1813 மார்ச்சில் அங்கேயே ஆய்வக உதவியாளரானார். அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, ஏவலாள் வேலையையும் அவரே செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். பாரடே அதைப் பொறுத்துக் கொண்டார். அறிஞர்களைக் காணும் வாய்ப்பை விட்டுவிடவில்லை.

1825இல் பென்சீனைக் கண்டதும், 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டதும் உலகறிந்தவை. வேதியியல் மாணவர்களாகிய நமக்கு 1833, 1834ஆம் ஆண்டுகளே பொன்னாண்டுகள். நீரை மின்சாரத்தால் பகுத்து, வெளிவரும் வாயுவின் பருமனைக் கொண்டு பாய்ந்த மின்சாரத்தை அளந்தார். அதே மின்சாரத்தை வேறு பொருள்களின் வழியாகவும் செலுத்தி, மின்வாயில் சேர்ந்த உலோகத்தை எடை போட்டார். படியும் பொருளின் எடை, பாய்ந்த மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது. ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் சமான எடை விகிதத்தில் வெளியேற்றுகிறது. இவையே அவர் கண்ட இரு விதிகள்.

இன்றைய அளவில் சொன்னால், 96,500 கூலும் மின்சாரம் 108 கிராம் வெள்ளியையோ, 31.75 கிராம் தாமிரத்தையோ, 9 கிராம் அலுமினியத்தையோ படியச் செய்யும். தாமிரம் தன் அணு எடையில் பாதியாகவும், அலுமினியம் மூன்றில் ஒரு பங்காகவும் படிவது ஏன்? வெள்ளி அயனிக்கு ஓர் எலக்ட்ரான் போதும். தாமிர அயனிக்கு இரண்டும், அலுமினிய அயனிக்கு மூன்றும் வேண்டும். பாரடேக்கு எலக்ட்ரான் தெரியாது. 1891இல்தான் ஸ்டோனி அப்பெயரைச் சூட்டினார், 1897இல்தான் ஜே.ஜே. தாம்சன் அத்துகளை மெய்ப்பித்தார். கண்ணுக்குப் புலப்படாததை, பெயர்கூடப் பெறாததை, பாரடே தராசில் வைத்து எண்ணிவிட்டார் என்றால் மிகையாகாது.

அவர் மறைந்த பின், 1870களில் அமெரிக்க அறிஞர் கிப்ஸ் கட்டிலா ஆற்றல் கொள்கையை வகுத்தார். அக்கொள்கையை மின்கலத்தோடு இணைக்கும் பாலம் பாரடேயின் அளவே. அவருடைய நண்பர் டேனியல் 1836இல் அமைத்த மின்கலத்தையே எடுத்துக் கொள்வோம். துத்தநாகம் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. தாமிர அயனி இரண்டையும் ஏற்கிறது. திட்ட மின்னழுத்தம் 1.10 வோல்ட். 2, 96,500, 1.10 ஆகியவற்றைப் பெருக்கினால் 2,12,300 ஜூல். எதிர்க்குறி இட்டால் கட்டிலா ஆற்றல் மாற்றம் -212.3 கிலோ ஜூல். எண்ணிக்கையை ஒன்று எனக் கொண்டால் விடை பாதியாகிவிடும்.

தாமிரம் வெள்ளி அயனியோடு வினைபுரியும்போது, எலக்ட்ரான்களைச் சமன்செய்ய வெள்ளியின் அரைவினையை இரண்டால் பெருக்குகிறோம். மின்னழுத்தத்தைப் பெருக்குவதில்லை. மின்னழுத்தம் அருவி விழும் உயரம் போன்றது. எலக்ட்ரான் எண்ணிக்கை விழும் நீரின் அளவு போன்றது. நீர் இருமடங்கானால் வேலை இருமடங்காகும், உயரம் மாறாது. ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் பெர்மாங்கனேட் அமிலக் கரைசலில் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது. பெர்ரஸ் அயனி ஒன்றை மட்டுமே தருகிறது. ஆகவே ஐந்து பெர்ரஸ் அயனிகள் தேவை. கணக்கிலும் ஐந்தே இட வேண்டும். சமன்பாட்டை முதலில் சமன்செய்து, பிறகு எண்ணுவதே முறை.

புகழின் உச்சியிலும் பாரடே எளிமையாகவே வாழ்ந்தார். சர் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் ஏற்க மறுத்தார். கிறிஸ்துமஸ் நாட்களில் சிறுவர்களுக்கு அறிவியல் சொற்பொழிவாற்றுவதில் மகிழ்ந்தார். 1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் இயற்கை எய்தினார். லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிய நடுகல் ஒன்றே அவருக்கு உண்டு.

புத்தகம் வாங்க இயலாத வீட்டிலிருந்து வந்தவர் அவர். நம்மில் பலரும் அத்தகைய வீடுகளிலிருந்தே வந்திருக்கிறோம். பிறப்பும் வறுமையும் அறிவுக்கு வேலியாகா என்பதற்கு அவர் வாழ்வே சான்று. நண்பர்களே, அடுத்த முறை அச்சமன்பாட்டில் 96,500 என்று எழுதும்போது, பொறுமையோடு தராசின் முன் நின்ற அந்தக் கொல்லர் மகனை ஒரு கணம் நினைப்போம். அதன் பக்கத்தில் இடும் எண்ணை ஊகித்து எழுதாமல், எண்ணி எழுதுவோம். அதுவே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.