கேள்வி கேட்டார், பதில் சொன்னார், அவையை நடத்தினார்: யார் இந்த வயலெட் ஆல்வா?

தேர்தல் நெருங்கினால் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டியல் கண்டிப்பாகச் சுற்றும். எந்த எம்.பி. எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை விவாதங்களில் பேசினார், வருகைப் பதிவு எத்தனை சதவீதம் என்று. அப்படிப்பட்ட அட்டவணைகளைப் போடுவதுதான் என் வேலையும். ஆனால் அந்த அட்டவணைக்குள் அடங்காத ஒரு எம்.பி.யைப் பற்றித்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பெயர் வயலெட் ஆல்வா. பெங்களூருவில் வேலை பார்க்கிற நீங்கள் விதான சௌதாவைத் தாண்டி எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அன்றைய மைசூர் மாநிலத்தின் எம்.எல்.ஏ.க்கள்தான் இவரை 1960-லும் 1966-லும் ராஜ்யசபாவுக்கு அனுப்பினார்கள். அந்த மாநிலத்தைத்தான் 1973 முதல் கர்நாடகா என்கிறோம்.

எங்கிருந்து வந்தார்?

1908 ஏப்ரல் 24 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா லக்ஷ்மண் ஹரி ஒரு பாதிரியார். ஒன்பது குழந்தைகளில் வயலெட் எட்டாவது. 16 வயதுக்குள் அம்மா, அப்பா இருவரையும் இழந்துவிட்டார். அண்ணன், அக்காமார்தான் படிக்க வைத்தார்கள். மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் பட்டம், பிறகு அரசு சட்டக் கல்லூரி. நடுவே கொஞ்ச காலம் ஆங்கில ஆசிரியர் வேலை.

1937-ல் ஜோகிம் ஆல்வாவைத் திருமணம் செய்துகொண்டார். உடுப்பிப் பக்கத்துக்காரர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், விடுதலைப் போராட்டக்காரர். இருவரும் சேர்ந்தே வழக்கறிஞர் தொழில் செய்தார்கள். 1943-ல் வயலெட் கைதானபோது கையில் ஐந்து மாதக் குழந்தை. அந்தக் குழந்தையோடுதான் மும்பை ஆர்தர் ரோடு சிறைக்குப் போனார்.

அடுத்த ஆண்டே, உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முன் வாதாடிய முதல் இந்தியப் பெண் வழக்கறிஞர் ஆனார். பெண்கள் வக்கீலாகத் தொழில் செய்ய இந்தியாவில் தடை இல்லை என்று சட்டம் வந்ததே 1923-ல்தான். அதாவது கதவு திறந்து 21 ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. அதே 1944-ல் பேகம் என்ற பெண்கள் இதழையும் தொடங்கினார். விடுதலைக்குப் பிறகு மும்பையில் கௌரவ மாஜிஸ்திரேட், 1948 முதல் 1954 வரை சிறார் நீதிமன்றத்தின் தலைவர்.

முதல் ஐந்து ஆண்டுகள்: கேள்வி கேட்கிற இடம்

1952-ல் ராஜ்யசபா முதன்முதலாகக் கூடியபோது 216 உறுப்பினர்களில் பெண்கள் 15 பேர். அவர்களில் ஒருவர் வயலெட். அப்போது பம்பாய் மாநிலத்தின் சார்பில் வந்திருந்தார். கணவர் ஜோகிம் வட கன்னடத் தொகுதியிலிருந்து லோக்சபாவில். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் நாடாளுமன்றத்தில்.

அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று பார்த்தால், பெண் எம்.பி. என்றால் பெண்கள் பிரச்சினை மட்டும்தான் என்ற கணக்கு உடைந்துவிடும். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார். தேசிய அளவில் அந்தத் திட்டம் தொடங்கியதே 1952-ல்தான். பாதுகாப்பு, அதிலும் குறிப்பாகக் கடற்படை பற்றிப் பேசினார். வெளிநாட்டு மூலதனத்தை அனுமதிக்கும்போது கவனம் வேண்டும் என்று அரசை எச்சரித்தார். மொழிவாரி மாநிலங்களை ஆதரித்தார். அப்படி 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தபோது கணவரின் தொகுதி இருந்த வட கன்னடம் பம்பாயிலிருந்து மைசூருக்கு மாறியது. 1960-ல் அவரும் மைசூர் எம்.பி. ஆனார்.

ஆராய்ச்சிக்கூடங்களில் விலங்குகள் படும் பாடும் அவர் எடுத்த விஷயம். அதே அவையில்தான் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1960-ல் அரசே சட்டம் இயற்றியபோது, விலங்குகள் மீதான சோதனைகளுக்குத் தனி அத்தியாயமே இருந்தது.

அடுத்த ஐந்து ஆண்டுகள்: பதில் சொல்கிற இடம்

1957 பொதுத் தேர்தலுக்குப் பிறகு உள்துறை துணை அமைச்சர் ஆனார். இப்போது நிலைமை தலைகீழ். மற்றவர்கள் கேட்பார்கள், இவர் அரசின் சார்பில் பதில் சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்கு இது புதுசு இல்லை. ஆனால் நம்முடைய எம்.பி. அட்டவணையில் அமைச்சரின் பேச்சு தனிப்பட்ட பங்களிப்பாகக் கணக்கில் வராது.

கடைசி ஏழு ஆண்டுகள்: நாற்காலி

1962 ஏப்ரல் 19 அன்று ராஜ்யசபா துணைத் தலைவராகத் தேர்வானார். அந்தப் பதவியில் முதல் பெண் இவர்தான். இவருக்கு முன் 10 ஆண்டுகள் இருந்த எஸ்.வி.கிருஷ்ணமூர்த்தி ராவும் மைசூர்க்காரர்.

துணைத் தலைவர் வேலை என்றால் என்ன? ராஜ்யசபாவின் தலைவர் துணை ஜனாதிபதி. அவர் இல்லாத நேரமெல்லாம் அவையை நடத்துவது துணைத் தலைவர். யார் பேசலாம், யார் உட்கார வேண்டும், எந்தத் திருத்தம் செல்லும் என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் நாற்காலியில் இருக்கும்போது விவாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பேச முடியாது. வாக்குகள் சமமானால் தவிர வாக்களிக்கவும் முடியாது.

அந்த ஆண்டுகள் சாதாரணமானவை இல்லை. அண்ணா ராஜ்யசபாவுக்குள் நுழைந்ததும் அதே 1962 ஏப்ரலில்தான். சீனப் போர், பிரிவினைக் கோரிக்கைக்கு எதிரான 16-வது திருத்தம், 1963 ஆட்சிமொழிச் சட்டம் எல்லாமே அவர் துணைத் தலைவராக இருந்தபோது அந்த அவைக்கு வந்தவை. 1966-ல் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

1969-ல் என்ன நடந்தது?

இங்கேதான் கதை திரும்புகிறது. மே 3 அன்று ஜனாதிபதி ஜாகிர் உசேன் இறந்தார். துணை ஜனாதிபதி வி.வி.கிரி தற்காலிக ஜனாதிபதி ஆனார். ஜனாதிபதியாகச் செயல்படும்போது அவர் ராஜ்யசபாவை நடத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 64-வது பிரிவு. அந்தப் பொறுப்பு துணைத் தலைவருக்குப் போகும் என்பது 91-வது பிரிவு. ஜூலையில் கிரி துணை ஜனாதிபதி பதவியையே விட்டுவிட்டார். ஆக, ஆகஸ்ட் 31 வரை, கிட்டத்தட்ட நான்கு மாதம், ராஜ்யசபா தலைவரின் கடமை வயலெட்டுடையது.

பிறகு புதிய துணை ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. அந்த வேலையை ஏற்கனவே செய்துகொண்டிருந்தவர் கையெட்டும் தூரத்தில் இருந்தார். வந்தவரோ ஜி.எஸ்.பாடக், அன்றைய மைசூர் ஆளுநர். இதில் ஒரு விஷயம் பாருங்க: அவருக்கு முன் கிரியும் பெங்களூரு ராஜ்பவனிலிருந்து நேராகத்தான் அந்தப் பதவிக்குப் போனார். மைசூரின் ஆளுநர்கள் இருவர் அடுத்தடுத்து அந்த இடத்துக்குப் போனார்கள். மைசூரின் எம்.பி.க்கு அது கிடைக்கவில்லை.

இந்திரா காந்தி தன்னை ஆதரிக்க மறுத்ததால்தான் வயலெட் ராஜினாமா செய்தார் என்று அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. நவம்பர் 12 அன்று காங்கிரஸ் இந்திராவையே கட்சியை விட்டு நீக்கியது. அந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, மாதத்தின் மத்தியில், வயலெட் துணைத் தலைவர் பதவியை விட்டார். சில நாட்களில், நவம்பர் 20 அன்று, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 61.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

அவருக்குப் பிறகு பிரதிபா பாட்டீல், நஜ்மா ஹெப்துல்லா என்று இரண்டு பெண்கள் ராஜ்யசபா துணைத் தலைவர் ஆனார்கள். பிரதிபா பின்னாளில் ஜனாதிபதியே ஆனார். ஆனால் இன்றுவரை ஒரு பெண்கூடத் துணை ஜனாதிபதி ஆகவில்லை. 2022-ல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று 528-க்கு 182 என்று ஜகதீப் தன்கரிடம் தோற்றவர் மார்கரெட் ஆல்வா. வேறு யாருமில்லை, வயலெட்டின் மருமகள்தான்.

இன்னொன்று, நம் அட்டவணை விஷயம். 17 ஆண்டுகளுக்கு மேல் எம்.பி.யாக இருந்த வயலெட்டை இன்றைய அளவுகோலில் வைத்தால், முதல் ஐந்து ஆண்டுகள் மட்டும்தான் எண்களாகத் தெரியும். மற்ற 12 ஆண்டுகள், அதாவது அவர் அதிகப் பொறுப்பு சுமந்த காலம், வெறும் கோடாக வரும். அலுவலகத்திலும் இது நடக்கும் இல்லையா? மீட்டிங்கில் அதிகம் பேசியவர் பெயர் அறிக்கையில் வரும். எல்லோரையும் பேச வைத்தவர் பெயர் வராது. பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதும் பல சமயம் அதே கதைதான்.

அடுத்த முறை எம்.பி.க்களின் மதிப்பெண் பட்டியல் உங்களுக்கு வந்தால், பேசியவர்களை மட்டும் எண்ணாதீர்கள். நாற்காலியில் இருந்தது யார் என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.