மணல் தூவிய மாரிஸ்

கோல்ப் மைதானத்தில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு புல்தரை உண்டு. அது கம்பளம் விரித்தாற்போல் இருக்க வேண்டும். அதில் பாசி படர்ந்துவிட்டால் போச்சு! பந்து நேரே ஓடாது.

பாசிக்கு இடங்கொடாமல் புல்லை வளர்க்க வழி காட்டியவர், டாம் மாரிஸ்.

நெசவாளி மகன்

ஸ்காட்லாந்தில் கடலோரம் உள்ள ஊர் செயிண்ட் ஆண்ட்ரூஸ். அங்கே 1821-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, கைத்தறி நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் மாரிஸ்.

ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் தொழிலைக் கற்றார். தோல் பைக்குள் இறகைத் திணித்துச் செய்யும் பந்து அது. பிறகு மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்தது. அதை வைத்து மாரிஸ் ஆடியதைக் கண்டு ராபர்ட்சன் சீறினார். இருவரும் பிரிந்தார்கள்.

1851-ல் மாரிஸ் பிரஸ்ட்விக் என்ற ஊருக்குப் போனார். மைதானத்தைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது.

கவிழ்ந்த வண்டி

அங்கே ஒருநாள், மணல் ஏற்றிய தள்ளுவண்டி புல்தரையில் கவிழ்ந்துவிட்டதாம். சில நாட்களில், மணல் விழுந்த இடத்தில் புல் செழித்து நின்றது. மாரிஸ் அதைக் கவனித்தார். அதன்பின் மணல் தூவுவதே அவர் வழக்கமாயிற்று.

பாசிக்குப் புல்லைப்போல வேர் கிடையாது. ஈரம்தான் அதற்கு உயிர். புல் மெலிந்து மண் தெரியும் இடத்தில் அது குடியேறும். அளவாக மணல் தூவினால் தண்ணீர் தேங்காது, மேடு பள்ளம் நிரவும், புல் அடரும். பாசிக்கு இடம் ஏது?

1864-ல், ஆண்டுக்கு 50 பவுன் சம்பளத்தில் சொந்த ஊரே அவரை அழைத்துக்கொண்டது. சீர்கெட்டுக் கிடந்த புல்தரைகளை அவர் சீராக்கினார். மிதிபட்ட புல்லுக்கு ஓய்வு வேண்டும் என்று ஞாயிறன்று ஆட்டத்தை அனுமதிக்கவில்லை.

ஆட்டத்திலும் அவர் சூரர். ஓப்பன் போட்டியில் 1861, 1862, 1864, 1867 ஆகிய 4 ஆண்டுகளிலும் வென்றார். கடைசி வெற்றியின்போது வயது 46!

இடி மேல் இடி

அவர் மகன் டாமியும் 4 முறை வென்ற வீரர். 1875 செப்டம்பரில் டாமியின் மனைவி பிரசவத்தில் இறந்தார். குழந்தையும் பிழைக்கவில்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று டாமியும் மாண்டார். வயது 24.

தந்தை நொறுங்கிப்போனார். ஆனால் மைதானத்தைக் கைவிடவில்லை. 1903 வரை வேலை பார்த்தார். 1908 மே மாதம் மாடிப்படியில் விழுந்து இறந்தார்.

இன்று பாசியைக் கருக்க இரும்பு சல்பேட் தெளிக்கிறார்கள். ஆனால் புல் மெலிந்தே கிடந்தால் பாசி திரும்ப வரும். ஆகவே மணல் தூவும் வேலை இன்றும் உலகெங்கும் நடக்கிறது.

பாசியைச் சுரண்டினால் மட்டும் போதாது. புல்லை வளர்க்க வேண்டும். மாரிஸ் செய்தது அதைத்தான்.