ராஜினாமாவுக்கு முந்திய பத்தாண்டுகள்

ஸர் சி.வி. ராமன் என்றவுடன் நம் எல்லோருக்கும் நோபல் பரிசுதான் நினைவுக்கு வரும். பௌதிகத்தில் பட்டம் பெற்று, பின் சர்க்கார் உத்தியோகத்திலேயே காலத்தைக் கழித்த அடியேனுக்கோ, முதலில் நினைவுக்கு வருவது அவர் செய்த ராஜினாமா.

ராமன் திருச்சிராப்பள்ளியில் 7-11-1888 அன்று பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906-ல் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியாயிற்று. மேல்படிப்புக்குச் சீமை செல்ல உடல்நிலை இடம் தராது என்று டாக்டர் தடுத்துவிட்டார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அன்று இந்தியாவில் வழியில்லை. ஆகவே நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பெற்று, 1907-ல் மனைவி லோகசுந்தரி அம்மாளுடன் கல்கத்தா வந்து, உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பதவி ஏற்றார். வயது 18 தான்! கை நிறையச் சம்பளம், கௌரவமான பதவி, பென்ஷன். வேறு என்ன வேண்டும்?

அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் டிராமில் செல்கையில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆளில்லை. செயலராக இருந்த, நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார், இந்த இளைஞரை மனமுவந்து வரவேற்றார். அன்று முதல் ராமனுக்கு இரண்டு உத்தியோகங்கள். விடியற்காலையில் கழகம், பகலில் ஆபீஸ், மாலையில் இரவு வரை மீண்டும் கழகம். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. 1911-ல் கல்கத்தா திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸர் அசுதோஷ் முகர்ஜி இதைக் கவனித்து வந்தார். தாரகநாத் பாலித்தின் நன்கொடையால் ஏற்பட்ட பௌதிகப் பேராசிரியர் பதவியை ராமனுக்கு அளிக்க முன்வந்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனைக்கு ராமன் இணங்கவில்லை; அது தளர்த்தப்பட்டது. சம்பளமோ, வாங்கிக்கொண்டிருந்ததில் ஏறத்தாழப் பாதி. உத்தியோகத்திலேயே இருந்திருந்தால் மிக உயர்ந்த பதவிகளை எட்டியிருப்பார். இருந்தும் 1917-ல் ராஜினாமா செய்துவிட்டுப் பேராசிரியரானார்.

அதற்குப் பின் வந்தவை நாம் அறிந்தவையே. மிருதங்கம், தபலாவின் நாதம் ஏன் இனிமையாக ஒலிக்கிறது என்று 1920-ல் ஆராய்ந்து எழுதினார். 1921-ல் கப்பலில் திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, அது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு அல்ல, நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று உணர்ந்தார். அந்த வழியிலேயே சென்று, கே.எஸ். கிருஷ்ணன் உடன் உழைக்க, 1928 பிப்ரவரி 28 அன்று, திரவத்தில் சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதைக் கண்டறிந்தார். மூலக்கூறுகளோடு சக்தியைப் பரிமாறிக்கொள்வதால் ஏற்படும் மாற்றம் அது. கருவிகள் எளியவை, நடந்த இடமும் அதே பௌபஜார் கழகம். 1930-ல் நோபல் பரிசு கிட்டியது. 1933-ல் பெங்களூர் சென்ற அவர், 21-11-1970-ல் அங்கேயே காலமானார். பிப்ரவரி 28 இன்று தேசிய விஞ்ஞான தினம்.

பட்டம் பெற்றவுடன் எனக்கும் ஓர் ஆய்வகத்தில் சேர வாய்ப்பு வந்தது. உதவித்தொகை சொற்பம், குடும்பமோ பெரிது. சர்க்கார் வேலையையே ஏற்றேன். அதற்காக இன்று வருந்தவில்லை. ராமனைப் போல் ராஜினாமா செய்யும் தைரியம் இல்லையே என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அவர் வரலாற்றைத் திரும்பப் படித்தபோதுதான் உண்மை புரிந்தது. அவர் ஒரே நாளில் தாவிவிடவில்லை. பத்தாண்டுகள் தினமும் காலையிலும் மாலையிலும் ஓரிரு அடிகளாக நடந்தார். 1917-ல் எடுத்து வைத்தது அதன் கடைசி அடி. அந்தக் காலை வேளைகள் எனக்கும் இருந்தன. நான்தான் அவற்றைச் செய்தித்தாளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நம் இல்லங்களில் நல்ல வேலையில் அமர்ந்து, மனம் வேறொன்றில் இருக்கும் பிள்ளைகளும் பெண்களும் பலர். வேலையை விடு என்று அவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நாளைக் காலை ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள் என்று மட்டும் சொல்வேன்.