ஏழு வயதோடு நின்றுவிட்டாரா ஹெலன் கெல்லர்?

வில்லியனூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் சில இளைஞர்கள், சில தாய்மார்கள், பிழைப்புக்கான வேலை போக எஞ்சிய பொழுதில் சிற்றூர் சிற்றூராகச் சென்று வருகிறார்கள். ஏரிக்கரைக் குடிசையில் கட்டிலோடு கிடக்கும் கிழவருக்கு உதவித் தொகை வருகிறதா, வந்துகொண்டிருந்தது ஏன் நின்றது, கால் வழங்காத பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைத்ததா, மருத்துவச் சான்றுக்கு நகரம் போய்வர அந்தப் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிட ஆள் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே அவர்கள் பணி. கூலி கிடையாது. பதவியும் கிடையாது.

அவர்களை ஊர் மெச்சுகிறது. போர்வை வழங்கும்போது மெச்சுகிறது. மூன்று சக்கர வண்டி வழங்கும் விழா என்றால் பந்தல் போட்டு, மாலை போட்டு, படம் பிடித்து மெச்சுகிறது. அதே தொண்டர்கள் மறுநாள் மனுவும் கையுமாக ஓர் அலுவலக வாயிலில் நின்று, எந்த விதிப்படி மறுத்தீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டால்? நேற்று மெச்சிய வாய் இன்று முணுமுணுக்கிறது! தொண்டு செய்ய வந்தவர்களுக்கு வம்பு எதற்கு, அரசியல் எதற்கு என்று அறிவுரை வழங்குகிறது!

இந்தத் தோழர்களுக்கு ஓர் அம்மையாரின் வாழ்க்கையை எடுத்துக் கூற விரும்புகிறோம். பெயர் புதிதன்று. ஹெலன் கெல்லர்! பள்ளிக்கூடம் போன பிள்ளை எவரும் அறிவர். கண் தெரியாத, காது கேளாத சிறுமி, ஆசிரியை வந்தார், தண்ணீர்க் குழாயடியில் ஒரு கையில் நீரை ஊற்றி மறு கையில் எழுத்தை எழுதினார், குழந்தைக்கு மொழி பிறந்தது. பாடம் முடிந்தது, மணி அடித்தாயிற்று, பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் குழாயடிக் காட்சி நடந்தது 1887 ஏப்ரல் 5இல். அப்போது அவருக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. அம்மையார் மறைந்ததோ 1968 ஜூன் 1இல், 87ஆம் வயதில். இடையிலே எண்பது ஆண்டுகள்! அவற்றை எங்கே கொண்டுபோய் ஒளித்தார்கள்? ஏன் ஒளித்தார்கள்?

அவர் பிறந்தது 1880. நமது வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரர்கள் கொம்யூன்கள் என வகுத்து அமைத்ததும் அதே 1880தான். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்ற ஊர். தகப்பனார் பழைய படைத் தலைவர். எந்தப் படைக்கு என்றால், கறுப்பு மக்களை அடிமைகளாகவே வைத்திருக்கப் போரிட்ட தென்னவர் படைக்கு. வசதியான வீடு. பத்தொன்பதாம் மாதத்தில் வந்த கொடுங்காய்ச்சல் குழந்தையின் கண்ணையும் காதையும் பறித்துக்கொண்டு போயிற்று.

அதே 1880இல், வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டியூக்ஸ்பரி ஏழையர் விடுதியில் ஒரு சிறுமி கிடந்தாள். ஆன் சல்லிவன். பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். கண்நோய் அவளது பார்வையைத் தின்றது. தாய் இறந்தாள், தந்தை கைவிட்டான். முதியவரையும், நோயுற்றவரையும், மனநிலை தவறியவரையும் ஒன்றாக அடைத்து வைத்திருந்த அந்த விடுதிக்குத் தம்பியோடு வந்தாள். சில திங்களில் தம்பியும் மாண்டான். ஒருநாள் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் குழு வந்தது. அந்தச் சிறுமி என்ன செய்தாள் தெரியுமா? சோறு கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. பின்னாலேயே ஓடி, கூட்டத்துக்குள் புகுந்து, தன்னைப் பள்ளிக்கு அனுப்பும்படி கூவினாள்! அனுப்பினார்கள். ஆறாண்டுகளில் பாஸ்டன் நகரின் பார்வையற்றோர் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினாள். இவள்தான் ஹெலனுக்கு ஆசிரியையாக வந்தவள். உண்மையைச் சொன்னால், குழாயடிக் கதையைவிட இந்த விடுதிக் கதையே நம் உள்ளத்தை அதிகமாகத் தொடுகிறது. உரிமை கேட்கத் தெரிந்தவள் கையில் அல்லவா அந்தக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது!

படிப்புக் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. பேராசிரியர்கள் பேசுவதை ஆசிரியை உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்த, ராட்கிளிஃப் கல்லூரியில் பயின்று 1904இல் சிறப்புடன் பட்டம் பெற்றார் ஹெலன். கண்ணும் காதும் அற்றவர் ஒருவர் பட்டம் பெறுவது அதுவே முதல் முறை. உலகம் கைதட்டியது. கைதட்டல் அதுவரை தடையின்றிக் கிடைத்தது.

1906இல் மாசசூசெட்ஸ் அரசு அமைத்த பார்வையற்றோர் ஆணையத்தில் அவர் இடம்பெற்றார். அங்கேதான் ஆரம்பமாயிற்று தொல்லை! பார்வை இழந்தோர்க்கு என்ன வழங்கலாம் என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருக்க, இவர் பார்வை எப்படிப் போகிறது என்று ஆராயத் தொடங்கினார். பிறந்த குழந்தைகள் பலருக்குத் தாயிடமிருந்து தொற்றும் மேகநோய் கண்ணைக் கெடுக்கிறது. பிறந்தவுடன் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டால் கண் பிழைக்கும். மருத்துவருக்குத் தெரியும். ஆனால், வெளியே பேசினால் வெட்கமாம்! 1907இல் பெண்கள் படிக்கும் பெரிய ஏடு ஒன்றிலேயே அதை எழுதினார் அம்மையார். மேலும் ஆராய்ந்தார். காவலற்ற எந்திரம் பறித்த கண், நெருக்கடிக் குடிசையின் நோய் பறித்த கண், வறுமையால் மருத்துவம் காணாத கண்! இருட்டுக்கு முகவரி தெரிந்தது. அது பெரும்பாலும் பாட்டாளி வாழும் தெருவாக இருந்தது. 1909இல் சமதர்மக் கட்சியில் உறுப்பினரானார். 1912இல் லாரன்ஸ் நகரின் நெசவாலைத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். சவானா ஆலையில் 1936 ஜூலை 30இல் பன்னிரண்டு தொழிலாளரைப் பிரெஞ்சுத் துப்பாக்கிக்குப் பலிகொடுத்த புதுவை மக்களுக்கு நெசவாலை வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டுமா?

உடனே பாருங்கள் வேடிக்கையை! நேற்றுவரை அவரை அறிவின் அதிசயம் என்று கொண்டாடிய புரூக்ளின் ஏடு ஒன்றின் ஆசிரியர், இப்போது அவருடைய கொள்கைப் பிழைகளுக்குக் காரணம் உடற்குறைதான் என்று எழுதினார். கண்ணில்லாதவர், காதில்லாதவர், பாவம், உலகம் தெரியாமல் பேசுகிறார் என்பது பொருள். முன்பு நேரில் சந்தித்தபோது தாம் நாணும் அளவுக்குப் புகழ்ந்தவர் அல்லவா அவர் என்று நினைவூட்டிய அம்மையார், நம் காலத்துத் துன்பத்துக்கான காரணங்களைக் காணாத அந்த ஏடுதான் சமுதாயக் குருடும் செவிடும் என்று திருப்பிக் கொடுத்தார். மனுவோடு நிற்கும் நம் தொண்டர்கள் இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இனிச் சொல்லப்போவது கசப்பான பகுதி. ஆண்ட்ரூ கார்னகி என்ற உருக்காலைக் கோமான், அம்மையாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர முன்வந்தார். 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலை வேலைநிறுத்தத்தைத் துப்பாக்கி ஏந்திய ஆட்களைக் கொண்டு ஒடுக்க முயன்றதே, அந்த நிறுவனத்தின் அதிபர் இவர். அம்மையார் வேண்டாம் என்றார். உழைத்துப் பிழைக்கலாம் என்று ஊர் ஊராகச் சொற்பொழிவுக்குப் புறப்பட்டார். 1913இல் மெயின் மாநிலத்தில், தங்கியிருந்த விடுதியில் ஆசிரியை ஆன் நோயுற்று வீழ்ந்தார். பக்கத்திலே ஹெலன், கூப்பிட்டால் பிறர்க்குத் தெளிவாக விளங்கும் குரல் இல்லை, ஓடிப்போய் அழைக்கக் கண் இல்லை, வழிச்செலவு பார்க்க வேறு துணை இல்லை. ஊர் திரும்பியதும் கார்னகிக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 5,000 டாலர் வந்தது. சமதர்மம் பேசும் இவரை மடியில் போட்டு நாலு அடி கொடுக்க வேண்டும் என்று அந்தக் கோமான் வேடிக்கையாகச் சொன்னதையும் அம்மையாரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதற்காக அவரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. பட்டம் பெற்றவர், உலகப் புகழ் பெற்றவர், நூல்கள் எழுதியவர். அவருக்கே முதலாளியின் கருணையை விட்டால் வேறு வழி இல்லை என்றால், பெயர் தெரியாத ஊரில் கிடக்கும் பெயர் தெரியாதவருக்கு என்ன வழி? உரிமை என்று ஒன்று சட்டத்தில் இல்லாதபோது, தன்மானமுள்ளவரும் கையேந்த நேர்கிறது. அந்த அவமானத்தை உள்ளங்கையில் உணர்ந்தவர் அவர்.

ஆயினும் அவர் அடங்கிவிடவில்லை. 1916இல் கறுப்பர் உரிமைச் சங்கத்துக்கு நன்கொடையும் கடிதமும் அனுப்பினார். பிறந்த மண்ணின் ஏடு அவரை ஏசியது. 1919இல் அவருடைய வாழ்க்கையைப் பற்றிய திரைப்படமே நியூயார்க்கில் வெளியானது. நடிகர்கள் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். தம் படத்தின் முதற்காட்சிக்கே போக மறுத்து, வேலைநிறுத்தக்காரரோடு ஊர்வலம் வந்தார்! 1933இல் ஹிட்லரின் ஆட்கள் தீயிலிட்ட நூல்களில் இவருடையதும் ஒன்று.

மாசு இல்லையா? உண்டு. 1915இல் சிகாகோ மருத்துவர் ஒருவர் ஊனத்தோடு பிறந்த குழந்தைக்கு அறுவை செய்யாமல் சாகவிட்டபோது, அம்மையார் அந்த மருத்துவருக்கு ஆதரவாக எழுதினார். இன்று படித்தாலும் நெஞ்சு நடுங்குகிறது. எந்த உயிர் வாழத் தக்கது என்று பிறர் தீர்ப்பளிக்கலாம் என்றால், பத்தொன்பது மாதத்து ஹெலனின் கதி என்ன ஆகியிருக்கும்? தலைவர்களின் பிழையை மறைத்துப் போற்றுவது நம் வழக்கமாக வேண்டாம். மற்றொன்று: 1924 முதல் பார்வையற்றோர்க்கான அமெரிக்க அறநிறுவனத்துக்குப் பணம் திரட்டும் பொறுப்பேற்ற பின், அவருடைய சமதர்மக் குரல் தணிந்தது. பணம் தரும் சீமான்கள் முகம் சுளிப்பார்களே! நன்கொடையால் நடக்கும் தொண்டு எதுவும் இந்த விலையைக் கொடுக்கத்தான் நேர்கிறது.

ஆனால், அந்த ஆண்டுகளிலும் சட்டமன்ற வாயில்களை அவர் விடவில்லை. மாநிலம் மாநிலமாகச் சென்று பேசினார். 1931இல் பார்வையற்றோர்க்கு நூல்கள் வழங்கும் சட்டம் வந்தது. 1935 ஆகஸ்ட் 14இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. முதியோர்க்கு ஓய்வூதியம் தந்த அதே சட்டத்தில் பார்வையற்ற ஏழையருக்கு உதவியும் ஒரு பிரிவாக இடம்பெற்றது. அதற்காக வாதாடியவர்களில் அம்மையாரும் ஒருவர். கார்னகிக்குக் கடிதம் எழுதி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து! மறு ஆண்டே ஆசிரியை ஆன் மறைந்தார்.

1948இல் அணுகுண்டு எரித்த ஹிரோஷிமாவுக்குப் போனார். 1955இல், எழுபத்தைந்து வயதை எட்டும் நேரத்தில், ஐந்து திங்கள் ஆசியப் பயணம் புறப்பட்டு இந்தியாவுக்கும் வந்தார்; நேருவின் முகத்தை விரலால் தடவி அறிந்தார். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிப் புதுவை மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அவர் வந்துபோய் நாற்பதாண்டுகள் கழிந்து 1995இல்தான் மாற்றுத்திறனாளிகளுக்கென்று இந்தியாவில் ஒரு முழுச் சட்டம் பிறந்தது. 2016இல் அதைவிட விரிந்த சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. மாற்றுத்திறனாளிக்குத் தரும் உதவி, அதே போன்ற திட்டத்தில் பிறர்க்குத் தருவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்கவேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு கூறுகிறது. முதியோர்க்கு 2007இன் சட்டம் உண்டு. கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து மாதத் தொகை பெற்றுத்தரத் தீர்ப்பாயம் உண்டு. கிழவரால் வர இயலாவிட்டால் அவர் அனுமதித்த வேறு ஒருவரோ, ஓர் அமைப்போ அவர் சார்பில் மனுக் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டமே இடம் தருகிறது. வம்புக்கு வந்தவர்கள் என்று நம் தொண்டர்களை ஏசுவோர் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு ஏசட்டும்!

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே ஒரு சொல். உதவித் தொகை என்கிறோம். யார் யாருக்குச் செய்யும் உதவி? பாகூர் வயலில் ஐம்பதாண்டு நாற்று நட்ட கிழவிக்கும், 2020இல் மூடப்பட்ட ஆலையில் முதுகொடிந்த தொழிலாளிக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது அல்லவா? தமிழ்நாட்டில் 2023இல் மகளிர்க்கு வழங்கத் தொடங்கிய மாதத் தொகைக்கு உரிமைத் தொகை என்று பெயரிட்டார்கள். முதியோர் தொகைக்கும் அந்தப் பெயர் வரட்டும்.

புதுவை மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் கொம்யூனில் போய் முறையிட மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரும் இல்லாமல் ஆண்டுகள் ஓடின. அந்த இடைவெளியில்தான் இந்த இளைஞர்களும் தாய்மார்களும் தாளும் கையுமாக நடக்கிறார்கள். அவர்கள் கொடுத்த மனுக்களில் மறுக்கப்பட்டவை எவை, எந்த விதிப்படி மறுக்கப்பட்டன என்பதை அதிகாரிகள் எழுத்தில் தரட்டும். அதைத்தான் கேட்கிறார்கள்.