லாரி டிரைவர் மகன்

மலேயா என்ற சொல் நமது கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்குப் புதிதல்ல, தோழர்களே! பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலே மழை பொய்த்த ஆண்டுகளில், கங்காணி விரித்த ஆசை வலையிலே விழுந்து, நாகப்பட்டினத்திலே கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கி, ரப்பர்க் காட்டிலே பால்மரம் வெட்டப் போன குடும்பங்கள் எத்தனை எத்தனை! மேலே கல்வராயன் மலையிலே மக்கள் 1976 வரை ஜாகிர்தாரின் பிடியிலே கிடந்தார்கள். கீழே சமவெளியிலே பிறந்த ஏழை, கடல் கடந்து வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்திலே கிடந்தான். பெரியார் 1929-லும், பிறகு 1954-லும் மலேயாவுக்குச் சென்றாரே, அந்த உழைப்பாளிகள் இருந்த நாடு அது.

அந்த நாட்டிலே தோன்றிய ஒரு கால்பந்து வீரரைப் பற்றி இன்று எழுதுகிறேன். அவர் தமிழரல்லர், மலாய்க்காரர். தோழர்களுக்கு அவரால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மொக்தார் டஹாரி என்பது அவர் பெயர். 1953 நவம்பர் 13-ஆம் நாள், கோலாலம்பூரை ஒட்டிய செத்தாப்பாக்கிலே பிறந்தார். தகப்பனார் லாரி டிரைவர். கோட்டை கொத்தளம் இல்லை, குலப்பெருமை பேசும் கூட்டம் இல்லை. சக்கரம் சுழன்றால் அடுப்பு எரியும், நின்றால் அணையும், அப்படிப்பட்ட வீடு. பையனுக்குப் பதினொரு வயதாகும்போது குடும்பம் கம்போங் பாண்டானுக்குக் குடிபெயர்ந்தது. கம்போங் என்றால் மலாய் மொழியிலே கிராமம். பெயர்தான் கிராமம், கோலாலம்பூர் நகரின் ஓரத்திலே உழைப்பாளிகள் வாழ்ந்த குடியிருப்பு அது. பின்னர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்ற புகழ்பெற்ற பள்ளியிலே படித்தார். வெள்ளைக்காரர் காலத்திலே எழுந்த அந்தப் பள்ளியின் திடலிலே, லாரி டிரைவர் மகனின் கால் பேசத் தொடங்கியது.

அவருக்குப் பதினைந்து வயது நடந்தபோது அந்த நகரம் எரிந்தது. 1969 மே 13. தேர்தல் முடிந்த சூட்டோடு மலாய்க்காரரும் சீனரும் மோதிக்கொண்டனர். கத்தியும் தீயும் ஆட்சி செய்தன. செத்தவர் எண்ணிக்கை அரசு சொன்ன கணக்கிலேயே 196. உண்மைக் கணக்கு அதைவிடப் பெரிது என்று சொல்வோர் உண்டு. நேற்றுவரை ஒரே கடையிலே தேநீர் குடித்தவன், இன்று தெருமுனையிலே நின்று இனம் கேட்கிறான். இன வெறியும் சாதி வெறியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நமது வட்டாரத்துத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்த தமிழன் பாடு தனி. மலாய்க்காரனுக்கு மண் இருந்தது, சீனனுக்குக் கடை இருந்தது, தோட்டத்துத் தமிழனுக்குக் கையிலே பால்வெட்டும் கத்தி மட்டும்தான் இருந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. விளைவு, பல்லாயிரம் தமிழர் பிறந்த ஊரையே அறியாத பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திரும்பக் கப்பலேறினர்.

இந்தப் பின்னணியை மனத்திலே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். 1972-இல் மொக்தார் சிலாங்கூர் மாநில அணிக்குள் வந்தார். அதே ஆண்டு ஜகார்த்தாவிலே இலங்கை அணிக்கு எதிராக நாட்டுக்காகவும் களம் இறங்கினார். வயது பத்தொன்பது கூட நிறையவில்லை. அப்போது அவர் யார் யாரோடு ஆடினார் தெரியுமா? கோல் கம்பத்தின் கீழே நின்றவர் ஆறுமுகம், நம் தமிழர். மொக்தார் பிறந்த அதே 1953-இலே பிறந்தவர். கைகள் அவ்வளவு நீளம், பந்து எங்கே வந்தாலும் எட்டிப் பிடித்துவிடுவார் என்று ரசிகர்கள் அவருக்குச் சிலந்தி மனிதன் என்று பெயர் சூட்டினர். தற்காப்பு வரிசையிலே சோ சின் ஆன், சீனர். அவருக்குப் பக்கத்திலே சந்தோக் சிங், சீக்கியர். சந்திரன் என்ற இன்னொரு தமிழரும் அந்த நாளைய அணியின் தூண்களிலே ஒருவர். முன்னே, எதிரியின் கோட்டைக்குள் புகுவதற்கு, லாரி டிரைவர் மகன் மொக்தார்.

மூன்று ஆண்டுக்கு முன் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திய நகரம்! அதே நகரிலே, மெர்டேக்கா ஸ்டேடியத்திலே, மலாய்க்காரன் அடித்த கோலுக்குச் சீனன் எழுந்து நின்று கத்துகிறான். தமிழன் பிடித்த பந்துக்கு மலாய்க்காரன் தொப்பியைத் தூக்கி எறிகிறான். மெர்டேக்கா என்றால் விடுதலை. 1957 ஆகஸ்டு 31-இல் நாட்டின் விடுதலையை அறிவித்த திடல் அது. பந்து உருண்டதால் பகை ஒழிந்துவிட்டது என்று நான் கதைக்கமாட்டேன். ஆட்டம் முடிந்து அவரவர் திரும்பியது அவரவர் தெருவுக்குத்தான். சட்டமும் மாறவில்லை, தோட்டக் கூலியும் உயரவில்லை. ஆனால் 90 நிமிடம், அந்த 90 நிமிடம் மட்டும், இனம் கேட்கும் வாய்கள் ஒரே பெயரைக் கூவின. அதைச் செய்ய அந்த நாட்டின் மந்திரிகளால் முடிந்ததா?

கோப்பைகளை ஒவ்வொன்றாக எண்ணினால் பத்தி போதாது. மலேசியக் கோப்பையைச் சிலாங்கூர் அவர் காலத்திலே பத்து முறை வென்றது. 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டிலே மலேசியா வெண்கலம் பெற்றது. 1977-லும் 1979-லும் தென்கிழக்காசிய விளையாட்டுகளிலே தங்கம். நாட்டுக்காக ஆடிய ஆட்டம் 142, அடித்த கோல் 89. உலகத்திலே இத்தனை கோல் அடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். உலகக் கோப்பைப் போட்டியின் வாயிற்படியைக்கூட மிதிக்காத ஒரு சின்ன நாட்டின் பிள்ளை, உலகின் பெரும் புள்ளிகளுடைய பட்டியலிலே நிற்கிறார். 1962-இலே ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய நமது இந்தியா பிறகு எங்கே போயிற்று என்பதையும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன். அது வேறு புலம்பல்.

இரண்டு ஆட்டங்களை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1975-இல் லண்டன் மாநகரத்தின் அர்செனல் அணி கோலாலம்பூருக்கு வந்தது. ஆண்டவர்களின் அணி! கால்பந்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்களே என்று மார்தட்டும் நாட்டின் அணி! 2-0 என்று தோற்றுத் திரும்பியது. இரண்டு கோலும் மொக்தார் அடித்தவை. மூன்றாண்டு கழித்து, 1978-இல், இங்கிலாந்தின் இரண்டாம் வரிசை அணி வந்தது. பயிற்சியாளர் பாபி ராப்சன், பின்னாளிலே இங்கிலாந்து முதல் அணிக்கே பொறுப்பேற்றவர். நடுத்திடலின் பக்கமிருந்து பந்தை எடுத்த மொக்தார், வந்தவனை ஏமாற்றி, அடுத்தவனைத் தாண்டி, பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்தே உதைத்தார். கோல் காப்பாளர் ஜோ காரிகன் மலைபோல் நின்றார். மலையைத் தாண்டிப் போயிற்று பந்து. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. தோட்டத்துத் துரைக்குக் கைகட்டி நின்றவனின் பேரன் அந்தக் கூட்டத்திலே எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்திருப்பான் அல்லவா? அவன் நெஞ்சு எப்படி விம்மியிருக்கும்!

பத்திரிகைகள் அவருக்கு சூப்பர்மொக் என்று பெயரிட்டன. வானத்திலே பறக்கும் அமெரிக்கக் கற்பனை வீரனின் பெயரை ஒட்டி வைத்த பட்டம். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. கற்பனை வீரனுக்குக் களைப்பில்லை, காயமில்லை, வீட்டு வாடகை இல்லை. இவருக்கு எல்லாம் இருந்தது. அவர் ஆடிய காலத்திலே மலேசியக் கால்பந்து கூலிக்கு ஆடும் தொழிலாக ஆகவில்லை. வீரர்கள் வங்கியிலும் போலீசிலும் அரசுக் கழகங்களிலும் வேலை பார்த்து, மாலையிலே பயிற்சிக்கு ஓடினர். அரங்கிலே பல்லாயிரம் பேர் சீட்டு வாங்கிக் கத்துவார்கள். அந்தக் காசு யார் பெட்டிக்குப் போயிற்றோ, உதைத்த காலுக்குப் போகவில்லை. இன்று ஒரு பருவத்துக்குக் கோடி கோடியாய்க் கூலி பேசும் முன்னணி ஆட்டக்காரர்களைப் பார்க்கிறோம். கூலி வாங்குவது குற்றமல்ல. உழைப்புக்குக் கூலி கேட்கச் சொல்லிக்கொடுத்த இயக்கத்தவன் நான். வாங்காமலே தேய்ந்தவர்களின் கணக்கு எழுதப்படாமல் கிடக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

மலேசியாவிலே அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது 1989-இல். முழுத் தொழில்முறை வந்தது 1994-இல். மொக்தாரைக் காலம் எப்படி ஏமாற்றியது பாருங்கள். 1987-இல் அவர் சிலாங்கூருக்கு ஆடுவதை நிறுத்தினார். 1988-இல் உடம்பு வேறு கணக்குச் சொன்னது.

மருத்துவர் சொன்ன பெயர் இயக்க நரம்பு நோய். தசையை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். கை தளரும், கால் தளரும், பேச்சு குழறும், கடைசியிலே மூச்சும் தளரும். அறிவு மட்டும் பெரும்பாலோருக்குத் தெளிவாக இருந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். இன்றுவரை இதைக் குணப்படுத்த மருந்தில்லை. அமெரிக்காவிலே லூ கெரிக் என்ற பேஸ்பால் வீரர் இதே நோயால் 1941-இல் மாண்டார், முப்பத்தேழு வயதிலே. அங்கே அந்த நோய்க்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

கோலாலம்பூரிலே மொக்தார் என்ன செய்தார்? மறைத்தார். உண்மை அவருக்கும், மனைவிக்கும், மருத்துவருக்கும் தெரியும். லண்டன்வரை சென்று சிகிச்சை தேடினார். ஊருக்குச் சொன்னது, தசையிலே ஏதோ கோளாறு என்று. ஏன் மறைத்தார் என்று கேட்போர் உண்டு. ஆலையிலே நெஞ்சுவலியை மறைத்துக்கொண்டு ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கு அந்தக் கேள்வி எழாது. தன் உடலின் வலிவு ஒன்றையே மூலதனமாக வைத்து வாழ்ந்தவன், அந்த மூலதனம் கரைகிறது என்று எந்த வாயால் சொல்வான்? கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், சொல்லியிருந்தால், அந்த நோயோடு பெயர் தெரியாமல் வீட்டு மூலையிலே கிடந்த ஏழைகளுக்கு நாட்டின் பார்வை திரும்பியிருக்கும் என்ற எண்ணமும் எனக்கு உண்டு.

அதே 1988-ஆம் ஆண்டு டிசம்பர் 18-இல் ஆறுமுகம் சாலை விபத்திலே மாண்டார். வயது முப்பத்தைந்து. 1980 ஏப்ரலில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் காத்தவர் அவர். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசிய அரசு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பின்னே நின்ற தமிழர் ஒரு நொடியிலே போனார். முன்னே நின்ற மலாய்க்காரர் மூன்றாண்டு அணு அணுவாகப் போனார்.

1991 ஜூலை 11-இல் சுபாங் ஜெயா மருத்துவமனையிலே மொக்தார் டஹாரி கண் மூடினார். அவருக்கும் வயது முப்பத்தேழுதான். இடையிலே சரியாக ஐம்பது ஆண்டு, லூ கெரிக்கின் அதே வயது. கோலாலம்பூரின் கெராமாட் பகுதியிலே உடலை அடக்கம் செய்தார்கள். நோயின் உண்மைப் பெயரை நாடு அறிய மேலும் பத்தொன்பது ஆண்டு ஆயிற்று. 2010-இல் வந்த ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்திலேதான் குடும்பத்தார் வெளியிட்டனர்.

பகாங் மாநிலத்தின் கம்பாங்கிலே இன்று அவர் பெயரால் ஒரு கால்பந்துப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் தேர்ந்தெடுத்த பையன்கள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள், ஆடுகிறார்கள். சாப்பாடு உண்டு, பூட்ஸ் உண்டு, படிப்பு உண்டு. மொக்தாரின் சிறு வயதிலே அப்படி ஒரு கூடம் அந்த நாட்டில் இல்லை. நமது வெள்ளிமலையின் பையன்களுக்கு இன்னும் இல்லை.