நியூயோர்க் மாநகர முதல்வர் பியோரெல்லோ லாகார்டியா (1882 – 1947)



ஐக்கிய அமெரிக்காவின் தலைவர்கள் என்றதும் ஜனாதிபதிகளின் பெயர்களே உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் வீடு, வீதி, சந்தை, பொலிஸ் என மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்டு நிற்பது உள்ளூராட்சியே. அதில் நேர்மையான ஒருவரால் எவ்வளவு செய்ய முடியும், எங்கே அவரும் தவறலாம் என்பதை லாகார்டியாவின் வாழ்க்கையிலிருந்து அறிந்துகொள்வோம்.

1. இளமைக் காலம்

இவர் 1882 டிசம்பர் 11 இல் நியூயோர்க்கில் பிறந்தார். தந்தை இத்தாலியர்; அமெரிக்க இராணுவத்தின் வாத்தியக் குழுத் தலைவர். தாய் திரியெஸ்த் நகரத்து யூதப் பெண். 1898 ஆம் ஆண்டு யுத்தத்தின்போது இராணுவத்துக்கு வழங்கப்பட்ட பழுதடைந்த இறைச்சியால் தந்தை நோயுற்றுச் சேவையை இழந்தார். 1904 இல் காலமானார். மகன் இதனை மறக்கவில்லை. 1917 இல் காங்கிரஸ் உறுப்பினரானதும், படையினருக்குப் பழுதான பொருட்களை விற்போரைக் கடுமையாகத் தண்டிக்கும் சட்டமூலத்தையே முதலில் சமர்ப்பித்தார்.

2. பியூமே துறைமுகம்

இளைஞராக அமெரிக்கத் தூதரகப் பணியில் சேர்ந்து பியூமே துறைமுகத்தில் கடமையாற்றினார். அமெரிக்கா சென்றடைந்த பின்னர் நோய் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஏழைகள், இருந்ததையெல்லாம் விற்றுப் புறப்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். எனவே கப்பலில் ஏறும் முன்னரே மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும் என இவர் வற்புறுத்தினார். அரச குடும்பப் பெண் ஒருவர் பார்ப்பதற்காகப் பயணிகளை முன்கூட்டியே கப்பலில் ஏற்ற முயன்றபோது இவர் அதற்கு இணங்கவில்லை. நாடு திரும்பிய பின் எலிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்துகொண்டே சட்டம் கற்று, 1910 இல் பட்டம் பெற்றார்.

3. காங்கிரஸ் உறுப்பினர்

குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவராயினும் தொழிலாளர் பக்கம் நின்றார். 1932 ஆம் ஆண்டின் நொரிஸ் – லாகார்டியா சட்டம், தொழிற்சங்கத்தில் சேரமாட்டேன் எனத் தொழிலாளரிடம் உறுதி வாங்கும் ஒப்பந்தங்களைச் செல்லுபடியற்றதாக்கியது. அதே ஆண்டுத் தேர்தலில் இவர் தோல்வியடைந்தார். 1929 இல் மாநகர முதல்வர் தேர்தலிலும் தோற்றிருந்தார்.

4. மாநகர முதல்வர் (1934 – 1945)

அக்காலத்தில் நியூயோர்க்கை தமனி ஹோல் எனும் ஜனநாயகக் கட்சி அமைப்பு ஆட்டிவைத்தது. வேலைகளும் ஒப்பந்தங்களும் வேண்டியவர்களுக்கே கிடைத்தன. இலஞ்ச விசாரணையில் சிக்கிய மாநகர முதல்வர் ஜிம்மி வோக்கர் 1932 இல் பதவி விலகினார். பல தரப்பினரின் கூட்டு ஆதரவுடன் லாகார்டியா 1933 இல் வெற்றி பெற்று, தொடர்ந்து மூன்று தவணைகள் பதவி வகித்தார்.

இவரது முக்கிய பணிகள்:
• போட்டிப் பரீட்சை மூலம் நியமனம் வழங்குவதை விரிவாக்கியமை
• சூதாட்ட இயந்திரங்களைக் கைப்பற்றி உடைத்தழித்தமை
• 1935 இல் ஏழைகளுக்கான முதலாவது பொது வீடமைப்புத் தொகுதியைத் திறந்தமை
• 1939 இல் விமான நிலையம் திறக்கப்பட்டமை (அது இவர் பெயரைத் தாங்கியுள்ளது)

ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மாற்றுக் கட்சியினர். ஆயினும் அவருடன் ஒத்துழைத்து மத்திய அரசின் நிதியைப் பெற்றதனாலேயே பெரிய திட்டங்கள் நிறைவேறின. 1945 இல் பத்திரிகை விநியோக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சிறுவர்களுக்காகச் சித்திரக் கதைகளை வானொலியில் தாமே வாசித்தார்.

5. குறைபாடு

1935 இல் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமில் கலவரம் மூண்டது. இவர் நியமித்த குழு வறுமை, பாரபட்சம், பொலிசாரின் நடத்தை ஆகியவற்றைக் காரணங்களாகக் காட்டியது. அவ்வறிக்கையை இவர் வெளியிடவில்லை. பத்திரிகை ஒன்றே 1936 இல் வெளியிட்டது. 1943 இல் அங்கு மீண்டும் கலவரம் ஏற்பட்டது. பியூமேயில் அதிகாரத்துக்கு அஞ்சாதவர், தமது நிர்வாகத்தின் குறையைக் கேட்க நேர்ந்தபோது தயங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. இறுதிக் காலம்

1946 இல் ஐக்கிய நாடுகள் நிவாரண, புனர்வாழ்வு நிர்வாகத்தின் பணிப்பாளர் நாயகமாகி, யுத்தத்தால் பசித்திருந்த நாடுகளுக்கு உணவு அனுப்பப் பாடுபட்டார். 1947 செப்டெம்பர் 20 இல் புற்றுநோயால் காலமானார்.

பயிற்சி வினாக்கள்

1. பியூமேயில் இவர் வற்புறுத்திய நடைமுறை யாது? அதனால் யார் நன்மையடைந்தனர்?
2. தமனி ஹோலின் செல்வாக்கைக் குறைக்கப் போட்டிப் பரீட்சை எவ்வாறு உதவும்?
3. இவரை ஒரு சிறந்த உள்ளூராட்சித் தலைவர் எனக் கூறலாமா? ஆராய்க. (நிறை, குறை இரண்டையும் எழுதினாலே முழுப் புள்ளி பெறலாம்.)